எங்களை அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள்: தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தலைவர், பணிப்பாளர் நாயகம், உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற நான், கொட்டாஞ்சேனையில் எங்கள் வட்டாரத்தவர் சிலருடன் சேர்ந்து, வயதில் மூத்தவர்கள் கணினியும் கைத்தொலைபேசியும் பழகுவதற்கான சிறு வகுப்பொன்றைச் சனிக்கிழமை மாலைகளில் நடத்திவருகிறேன். அங்கு வருகிறவர்கள் பொழுதுபோக்குக்காக வருவதில்லை. வேலை தேடி வருகிறார்கள். அல்லது இருக்கிற வேலை கைநழுவிவிடக் கூடாது என்று வருகிறார்கள். அவர்களுக்காக உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அறுபதை நெருங்கியவரையும் கடந்தவரையும் பயிற்சிக்கு அழைக்கும்போது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை முதலில் கண்டறிந்து, அதற்குரிய சான்றிதழைக் கொடுத்து, குறைவதை மட்டும் கற்பிக்கும் வழியை ஏற்படுத்துங்கள். அதற்கு வேண்டிய ஏற்பாட்டின் பெரும்பகுதி உங்கள் ஆணைக்குழுவின் கையில் ஏற்கெனவே இருப்பதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முன்னர் தனியார் துறையில் 55 வயதிலேயே பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறை ஊழியரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அரச சேவையிலோ 65 வரை உயர்த்தப்பட்ட வயது மறுபடியும் 60க்குக் கொண்டுவரப்பட்டு, 2022 டிசம்பர் 31ஆம் திகதியுடன் பெருந்தொகையானோர் ஒன்றாக வெளியேறினார்கள். வறிய முதியோருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 70 வயதில்தான் தொடங்குகிறது. ஆக, ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்கு 60 முதல் 70 வரையான பத்து ஆண்டுகளும் பெரும்பாலும் அவரவர் பாடு என்றாகிவிடுகிறது. இந்த வயதினர் இனிச் சிறு கூட்டமும் அல்லர்: 2012 குடிசன மதிப்பீட்டில் சனத்தொகையில் 7.9 சதவீதமாக இருந்த 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 2024 மதிப்பீட்டில் 12.6 சதவீதமாகிவிட்டார்கள்.

சேமிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்தி, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பணத்தில் எங்கள் குடும்பங்கள் மகளின் கலியாணத்தையும், வீட்டுக் கூரையையும், மகன் வெளிநாடு போகப் பட்ட கடனையும் தீர்த்துக்கொள்வது வழக்கம். அப்படியும் மிஞ்சியதை வங்கியில் போட்டுவைத்தவர்கள், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பரில் அந்த மிச்சத்தின் பெறுமதி என்னவாயிற்று என்பதைக் கண்ணால் கண்டார்கள். இதற்குமேல் இதை விரிக்கத் தேவையில்லை. வேலை வேண்டும் என்பது எங்களில் பலருக்கு விருப்பத்தையும் ஆர்வத்தையும் பற்றிய கேள்வி அல்ல என்பது விளங்கினால் போதும்.

எங்கள் நாட்டின் தொழிற்பயிற்சி முறை யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பதை நிறுவனங்களின் பெயர்களே சொல்லிவிடுகின்றன: இளைஞர் சேவைகள் மன்றம், இளைஞர் படையணி, பயிலுநர் அதிகாரசபை. பாடசாலையை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தொழிலொன்றைக் கற்றுக் கொடுப்பதே அவற்றின் வேலையாக இருந்தது. அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்காக எழுதிய பாடத்திட்டத்தின் முன் அறுபது வயதுக்காரரை உட்கார வைத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. தனக்கு முப்பது வருடமாகத் தெரிந்ததை ஆறு மாதம் திரும்பக் கேட்டு அலுத்துப் போகிறார். அல்லது உண்மையிலேயே தெரியாத அந்த ஒன்றிரண்டு விடயங்கள் வேகமாகக் கடந்துபோவதைப் பார்த்து, பேரப்பிள்ளை வயதுள்ளவர்களின் முன்னிலையில் கை உயர்த்திக் கேட்கக் கூசி, அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுகிறார். முதியவர்களுக்கென்றே வைக்கும் வகுப்புகளோ பெரும்பாலும் தியானம், யோகாசனம், கைவேலை என்றே அமைகின்றன. அவை நல்லவைதான். என்றாலும் வாடகை கட்ட வேண்டிய ஒருவரைக் கடதாசிப் பூச் செய்யச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் மரியாதை கலந்த கசப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு மாற்று உங்களிடமே இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை முறையில், எங்கும் படிக்காமல் வேலை செய்தே தொழில் பழகிய ஒருவர், தன் அனுபவத்துக்குச் சான்றுகளைக் காட்டி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் முன் வேலையைச் செய்து காண்பித்து, முறைப்படி சான்றிதழ் பெற முடியும். முன்கற்றலை அங்கீகரிக்கும் இந்த ஏற்பாடு இலங்கைத் தொழிற்கல்வியில் உருவான மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்பதே என் கருத்து. சமையற்காரர், தையற்காரர், மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துநர் போன்றோர் இதனால் பயனடைந்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். அப்படியிருந்தும் நாரஹேன்பிட்டியில் உங்கள் தலைமையகம் இருக்கும் இதே மாநகரத்தில், ஒரு பஸ் பயணத் தூரத்தில் உள்ள புறக்கோட்டைச் சந்தைக்குள் வாழ்நாளைக் கழித்த எங்கள் ஆட்களில் இப்படியொன்று இருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அறிந்தவர்களும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். சான்றுகள் என்று கேட்கப்படுபவை சேவைக் கடிதம், நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், செய்த வேலைகளின் படங்கள் போன்றவை. நாலாம் குறுக்குத்தெருவில் வேலை செய்தவரிடம் இவை இருக்குமா? அங்கே வேலைக்குச் சேர்வது ஒரு மாமாவின் வாய்ச்சொல்லில், சம்பளம் கையில், முதலாளி இறந்து மகன் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் ஒருவரின் இருபது வருட உழைப்புக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரப் பேரழிவில் கடைகளோடு கணக்குப் புத்தகங்களும் எரிந்துபோன சந்தை அது என்பதையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஆகவே அயற்கடைக்காரர் இருவரின் கையொப்பமிட்ட உறுதிமொழி, வியாபாரிகள் சங்கத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேவைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும்படி மதிப்பீட்டாளர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். வேலையைச் செய்து காட்டும் சோதனை எப்படியும் பின்னால் இருக்கிறதல்லவா? பொய் சொல்லி உள்ளே வந்தவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பருப்பு, மிளகாய், மல்லி என்று பலசரக்குக் களஞ்சியம் காத்தவர். அறுபத்து மூன்று வயது. கணினித் திரையில் விரிதாளைத் திறந்து காட்டியபோது முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றே பார்த்தார். பயிற்சிக்காக நான் தயாரித்த சரக்கிருப்புப் பட்டியல் அது: வந்த மூடைகள், போன மூடைகள், இருப்பு. கூட்டல் கழித்தல் எல்லாம் கணினி செய்தது; ஒரு பிழையும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, செத்தல் மிளகாய் மூடை மூன்று மாதமாக அதே நிறையில் இருக்காதே" என்றார். ஈரம் காய்ந்து நிறை குறைவதை அந்தப் பட்டியலில் நான் எழுதவேயில்லை. களஞ்சியத்தில் உண்மையான கையிருப்புக்கும் பதிவுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது, எந்த வித்தியாசம் இயற்கை, எது களவு என்று பிரித்தறியும் அறிவு அவரிடம் இருக்கிறது. இல்லாதது விரிதாளில் எண்ணைப் பதிவதற்கான பழக்கம் மாத்திரமே. அதற்கு அவருக்குச் சில மாலைகளே தேவைப்பட்டன. களஞ்சிய முகாமைத்துவம் என்ற பெயரில் ஆறு மாதப் பாடநெறியொன்றில் அவரைச் சேர்த்திருந்தால், முதல் ஐந்து மாதங்களும் அவருக்குத் தெரிந்ததையே அவரைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொருவர், சட்டத்தரணி ஒருவரின் காரியாலயத்தில் நெடுங்காலம் தமிழ்த் தட்டச்சு செய்த அம்மா. அவர் முதலில் ஓர் இலவசக் கணினி வகுப்புக்குப் போயிருக்கிறார். ஆங்கில எழுத்தொலியைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையைத்தான் அங்கே எல்லோருக்கும் கற்பித்திருக்கிறார்கள். விரல்கள் வேறொரு ஒழுங்குக்குப் பழகிவிட்ட அவரால் அதற்கு மாற முடியாமல் போய்விட்டது. தனக்கு மூளை மங்கிவிட்டது என்றே அவர் முடிவு செய்துவிட்டார். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையைக் கணினியில் நிறுவிக் கொடுத்தோம். முதல் வரியில் தயங்கினார். ஒரு பக்கம் முடிவதற்குள் வகுப்பில் இருந்த எவரையும்விட வேகமாகத் தட்டினார், அதுவும் திரையைப் பார்க்காமல். இன்று அவர் வீட்டிலிருந்தபடியே, பாமினி எழுத்துருவில் கிடந்து புதிய கணினிகளில் வாசிக்க முடியாமற்போன பழைய ஆவணங்களை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்திக் கொடுக்கிறார். மாற்றி கொடுக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் அது விட்டுவைக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்க, எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது என்பது விரலுக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள்.

முதியவர்களால் புதிய கருவிகளைக் கற்க முடியாது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைவூட்டுகிறேன். எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டிருந்தபோது தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமாயிற்று. வாகன இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்து, கியூஆர் குறியீட்டைப் பெற்று, அதைக் காட்டினால்தான் அப்போது வாராந்த ஒதுக்கீடு கிடைத்தது. கொழும்பில் முச்சக்கர வண்டி ஓட்டும் அறுபது வயதுக்காரர்கள் சில வாரங்களுக்குள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கைத்தொலைபேசி இல்லாதவர்கள் குறியீட்டை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். பாடநெறி எதுவும் நடக்கவில்லை. தேவை அன்றைக்கே இருந்தது. கற்க வேண்டியது ஒரே ஒரு காரியம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினார். கற்ற மறுகணமே பயன் கைக்கு வந்தது. இந்த நான்கையும் பயிற்சியில் ஏற்படுத்திக் கொடுத்தால் வயது பெரிய தடையாக இராது என்பதை எங்கள் வகுப்பும் காட்டிவருகிறது.

உடல் சார்ந்த சில தடைகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பதில் பயனில்லை. நாற்பதுக்குப் பின் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவது எல்லோருக்கும் பொது. ஆனாலும் பயிற்சிக் கையேடுகள் பொடி எழுத்திலேயே அச்சாகின்றன. வயதானவர்களின் காய்ந்த விரல்நுனியைத் தொடுதிரை பல வேளைகளில் உணர்வதில்லை. அவர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தான்தான் பிழையாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து வாசித்துப் பதிவதற்குள் அதன் காலம் முடிந்துவிடுகிறது. இவை சின்ன விடயங்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, தொடுபேனா ஒன்றைக் கொடுப்பது, அவசரப்படுத்தாதிருப்பது என்று சின்னத் தீர்வுகளே போதும். பயிற்றுநர்களைத் தயார்செய்யும் உங்கள் பாடத்திட்டங்களில் ஓர் அரைநாளை இதற்கு ஒதுக்கினால் எவ்வளவோ பேர் இடைநடுவில் விலகிப்போகாமல் காப்பாற்றப்படுவார்கள்.

மொழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கொழும்புத் தமிழ்பேசும் முதியவர்களின் நிலை ஒரு தனி வகை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்களின் நிலையோடு அதைச் சேர்த்துப் பார்க்க முடியாது. புறக்கோட்டையில் காலம் கழித்தவர் சரளமாகச் சிங்களம் பேசுவார். அந்தச் சிங்களத்திலேயே கடன் வசூலித்திருப்பார், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பார், சிநேகிதர்களின் பிள்ளைகளுக்குப் புத்திமதியும் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பக்கச் சிங்கள எழுத்தை வாசிக்கக் கொடுத்தால் திணறுவார். ஆங்கிலத்தில் விலைப்பட்டியலும் வங்கிப் படிவமும் வாசிக்கத் தெரியும். விரிவுரையைத் தொடர முடியாது. அவர் பேசுவதைக் கேட்ட அதிகாரி, இவருக்குச் சிங்களம் தெரியும் என்று எண்ணிச் சிங்கள மொழிமூல வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். எழுத்துச் சோதனை வந்ததும் அவர் தோற்றுப் போகிறார். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதி 1987 முதல் இத்தனை காலம் கடந்துவிட்டது. தலைநகரத்தில் தமிழ்மொழி மூலமான மதிப்பீட்டைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. மதிப்பீட்டாளர் தமிழறிந்தவராக இருக்க வேண்டும். கேள்விகள் எழுத்தில் இல்லாமல் வாய்மொழியில் கேட்கப்பட வேண்டும். சான்றிதழைத் தொழில்தருநர் வாசிக்கக்கூடிய எந்த மொழியில் கொடுத்தாலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை.

இதுவரை நான் சொன்னவர்கள் எழுத்தும் கணக்கும் அறிந்தவர்கள். நாட்டாமிமாரைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் அது அரைகுறையாகவே இருக்கும். புறக்கோட்டையின் மூடைகளைத் தோளிலும் தள்ளுவண்டியிலும் சுமக்கும் இந்த மனிதர்களில் மலையகத் தோட்டங்களிலிருந்து இளவயதில் வந்தவர்கள் பலர். அவர்களுக்கு ஓய்வு வயது அறுபது அல்ல. முழங்காலோ முதுகோ எப்போது மறுக்கிறதோ அதுவே ஓய்வு வயது. பெரும்பாலானோருக்குச் சேமலாப நிதியும் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பது சந்தையைத் தெரியாதவரின் பேச்சு. எந்தக் கடையின் பின்வாசல் எந்த ஒழுங்கையில் திறக்கிறது, காலையில் எந்த நேரத்தில் லொறி எங்கே நிற்க முடியும், எந்தச் சரக்கை எதன்மேல் அடுக்கினால் கீழுள்ளது நசியும் என்பவற்றை ஓர் அனுபவமிக்க நாட்டாமி அறிந்த அளவுக்கு முதலாளியே அறியமாட்டார். இன்று வீடு தேடிப் பொருள் விநியோகிக்கும் வியாபாரம் பெருகிவரும் கொழும்பில், பொதிகளைச் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, சரியான வண்டியில் ஏற்றிவிடுவதற்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படும். உட்கார்ந்தோ நின்றோ செய்யக்கூடிய, பாரம் தூக்காத வேலை அது. அதற்கு அவர் கற்க வேண்டியவை முகவரிச் சீட்டை வாசிப்பதும், கையடக்கக் கருவியால் பட்டைக் குறியீட்டைப் பதிவதும்தான். வாசிக்கத் தெரியாதவருக்கு முதலில் எண்களும் தெருப் பெயர்களும் போதும்; முழு எழுத்தறிவு பிறகு வரட்டும். சந்தை வேலைகளுக்குரிய தகைமைத் தராதரங்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றை எங்களுக்கு அறியத் தாருங்கள். இல்லையென்றால், அவற்றை எழுத உட்காரும் நாளில் இரண்டு நாட்டாமிமாரையும் அந்த மேசைக்கு அழையுங்கள்.

பயிற்சி மட்டும் போதாது என்பதையும் அறிவேன். பயிற்சி பெற்ற அறுபது வயதுக்காரரை அதே பழைய மாதிரி வேலையில், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, வாரத்தில் ஐந்தரை நாளும் நிறுத்தினால் அவரில் பாதிப்பேர் சில மாதங்களில் விலகிவிடுவார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற முழுநேர வேலையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பகுதிநேர வேலைக்கு ஒழுங்கான சட்ட வடிவம் இல்லாத இடத்தில், தொழில்தருநர் பகுதிநேர ஊழியரைக் கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுத்து வைத்துக்கொள்ளவே விரும்புவார். இதைத் திருத்துவது தொழில் திணைக்களத்தின் வேலை. ஆனால் அவர்களோடு ஒரே மேசையில் உட்காரக்கூடியவர்கள் நீங்கள். ஒரு முழுநேர வேலையை மூத்தவர் இருவர் பகிர்ந்துகொள்வது, மாத முடிவுக் கணக்குக்கு மாத்திரம் ஐந்து நாள் வருவது, வீட்டிலிருந்து விலைச்சிட்டைகளைப் பதிவது, புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து வேலை பழக்குவது என்று எத்தனையோ வடிவங்கள் உண்டு. இவற்றில் கடைசியாகச் சொன்னதே எனக்கு மிகவும் பிடித்தது. பயிலுநர் முறையில் இளைஞர்களைக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பும் நீங்கள், அங்கே அவர்களைப் பழக்கும் மூத்தவருக்கும் ஒரு தகைமையும் ஒரு கொடுப்பனவும் தரலாம்.

பிற நாடுகள் இதில் முன்னரே இறங்கிவிட்டன. சிங்கப்பூர் 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேற்பட்ட தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், தெரிவுசெய்யப்பட்ட பயிற்சிநெறிகளில் செலவிடுவதற்கு 4,000 வெள்ளியை வரவு வைத்தது. அவ்வளவு பணம் எங்கள் திறைசேரியில் இல்லை. அதைக் கேட்கவும் மாட்டேன். யப்பான் வழி எங்களுக்கு இன்னும் கிட்டியது. 1970களின் நடுப்பகுதியில் டோக்கியோவில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய முதியோர் மனிதவள நிலையங்கள், அறுபது கடந்தவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து, குறுகிய நேர வேலைகளை அப்பகுதி நிறுவனங்களிடமிருந்தும் வீடுகளிலிருந்தும் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கின்றன. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பிரதேச செயலகத்தின் ஓர் அறையில் இப்படியொன்றைத் தொடங்கப் பெரும் முதல் தேவையில்லை. சர்வதேச தொழில் அமைப்பு மூத்த தொழிலாளர் பற்றிய தன் 162ஆம் இலக்கப் பரிந்துரையில், பயிற்சியிலும் மறுபயிற்சியிலும் அவர்களுக்குச் சமவாய்ப்பு வேண்டும் என்று 1980இலேயே சொல்லிவிட்டது.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. இளைஞர்களுக்கே வேலை இல்லாதபோது முதியவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று என் சொந்த மருமகனே கேட்கிறார். சில இடங்களில் அந்தப் போட்டி உண்மையாகவே வரலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அதன் பிறகு புறக்கோட்டையில் எத்தனையோ கடைகள் கணக்கெழுத ஆளில்லாமல், களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்க்க ஆளில்லாமல் தடுமாறுகின்றன. வந்து சேரும் இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கவும் எவரும் மிஞ்சவில்லை. அங்கே மூத்தவர் ஒருவரின் பகுதிநேர இருப்பு இளைஞரின் வேலையைப் பறிக்காது. அவர் அந்த வேலையில் நிலைத்து நிற்க உதவும். என் மருமகனுக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு உள்ள அச்சம் வேறு. முதியவர் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பார், கேள்வி கேட்கமாட்டார், சேமலாப நிதி வேண்டாம் என்று எழுதியும் கொடுப்பார் என்ற கணக்கில் எங்களை அழைக்கும் தொழில்தருநர்களும் இருப்பார்கள். உங்கள் சான்றிதழோடு வேலைக்குப் போகிறவருக்கு, அந்த வேலைக்குரிய மணித்தியாலக் கூலியும் நிதிப் பங்களிப்பும் என்ன என்பதை எளிய தமிழில் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டிலிருந்து மாதம் ஓரிலட்சம் சம்பாதிக்கலாம் என்று கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பி, பதிவுக் கட்டணம் என்று காசு கட்டி ஏமாந்தவர்கள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். பதிவுபெற்ற பயிற்சி நிலையங்களின் பெயர்களைத் தமிழில், வட்டாரம் வட்டாரமாக, கிராம உத்தியோகத்தரின் காரியாலயச் சுவரில் ஒட்டிவைத்தால் எது மெய், எது பொய் என்று பார்க்க ஓர் இடமாவது இருக்கும்.

முதல் முயற்சியாக ஒன்றைச் செய்து பார்க்கும்படி கேட்கிறேன். இலங்கை தொழிற்பயிற்சி அதிகாரசபையினதும் பயிலுநர் அதிகாரசபையினதும் தமிழறிந்த மதிப்பீட்டாளர்கள் சிலரைப் புறக்கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் நாள் அது. தெருவில் நெரிசல் இராது. களஞ்சியங்களைத் திறந்து தரச் சம்மதிக்கும் முதலாளிமாரை நாங்கள் கேட்டு ஒழுங்கு செய்வோம். அங்கேயே, அவர்கள் வாழ்நாள் முழுதும் வேலை செய்த இடத்திலேயே, தராசும் மூடையும் பேரேடும் தையல் இயந்திரமும் முன்னிருக்க அவர்களைச் சோதித்துப் பாருங்கள். தகுதி உள்ளவருக்குச் சான்றிதழ் கொடுங்கள். குறை உள்ளவருக்கு இன்னின்ன குறை என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் குறைகளுக்கு மட்டும், மாலை நேரத்தில், மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ எங்கள் கொட்டாஞ்சேனை மண்டபத்திலோ சில வார வகுப்புகளை நடத்தலாம். மண்டபத்துக்கு வாடகை கேட்கமாட்டோம். கற்பிப்பதற்கு எங்கள் தரப்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்; அந்தத் தட்டச்சு அம்மா ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்.

விண்ணப்பிக்க விரும்புகிறவர்களின் பெயர், தொழில், அனுபவம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலொன்றை எங்கள் வகுப்பில் தயாரித்து வைத்திருக்கிறோம். அதை எந்த அதிகாரியிடம், எந்தப் படிவத்தில், எந்தத் திகதிக்கு முன்னர் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தமிழில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.